மச்சான் விற்ற காரின் காய்ச்சல்

யாருக்காவது கை கொடுத்தால் அவர் உடனே விடமாட்டார். உள்ளங்கைகள் தொட்டுக்கொண்டதும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் தனியாகக் கிளம்பி எதிராளியின் மணிக்கட்டுக்கு ஊர்ந்து போகும். பெருவிரலுக்குக் கீழே உள்ள குழிவைத் தேடிப் பிடித்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். முகம் சிரித்தபடி இருக்கும். வாய் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கும். கண் மட்டும் சட்டைப் பையில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வரும். பதினைந்து நொடி, நாலால் பெருக்கு, பிறகுதான் கை திரும்பக் கிடைக்கும். தெரியாதவர்கள் இந்த மனிதருக்கு நம்மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோவார்கள். தெரிந்தவர்கள், "எவ்வளவு?" என்று கேட்பார்கள்.

"எழுபத்தாறு. ஜம்முன்னு இருக்கீங்க."

பெரிய மருத்துவமனை ஒன்றின் மூன்றாவது மாடியில், ஆண்கள் வார்டில், இருபத்திரண்டு வருடமாக அவர் நர்ஸ். கட்டிலின் காலடியில் தொங்கும் காய்ச்சல் அட்டையில் அவர் எழுதும் எண்கள் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதனால் வார்டில் அவருக்குச் 'சார்ட்டு' என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மெஷினைப் பார்க்காதே, ஆளைப் பாரு." ஒருமுறை மானிட்டர் வீறிட, நாலு பேர் ஆக்சிஜன் உருளையோடு ஓட, அந்த நோயாளி கட்டிலில் சம்மணமிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாராம். மார்பில் ஒட்டியிருந்த வயர் கழன்று தரையில் கிடந்ததாம். சொல்லிச் சொல்லி அந்த ஆரஞ்சு இப்போது பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதர்தான் கார் விஷயத்தில் கோட்டை விட்டார்.

கார் மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், வேறொரு ஊரில் பள்ளித் தலைமை ஆசிரியர். பிறருக்கு மார்க் போட்டுப் பழகியவர், வாங்கிப் பழக்கமில்லாதவர். "வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலை மாப்பிள்ளை" என்று சொல்லி, பதினேழு வயதான காரைத் தங்கை வீட்டுக்கே விற்றுவிட்டுப் புதுக் கார் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் வண்டி சமர்த்தாக ஓடியது. நாலாவது வாரம், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம், கொஞ்சம் காற்றுக்காகச் சார்ட்டு ப்ளோயரைத் திருகி முழு வேகத்தில் வைத்தார். ரெண்டு தெரு போவதற்குள், சூடு காட்டும் முள் நடுக்கோட்டை விட்டு எழுந்தது. படியேறும் ஆள் மாதிரி நின்று நின்று ஏறி, சிவப்புப் பட்டைக்குள் மூக்கை நுழைத்தது. அவர் வண்டியை ஓரங்கட்டி மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"பானட்டை உடனே திறந்துடாதீங்க சார், மூஞ்சி வெந்துடும். அரை மணி நேரம் ஆறட்டும். ஓட்டியே ஆகணும்னா ஹீட்டரை ஃபுல்லா வைங்க. எஞ்சின் சூட்டை அது உள்ள இழுத்துக்கும்."

"உள்ளன்னா எங்க?"

"உங்க மேலதான் சார்."

அரை மணி என்றால் சார்ட்டுக்கு முப்பது நிமிடம். இருபத்தொன்பது இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, பானட்டைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் போகும்போது முன்னெச்சரிக்கையாக ஹீட்டரைப் போட்டார். அப்படியும் முள் ஏறியது. இன்னும் வேகமாக வைத்தார். இன்னும் ஏறியது. வீடு வந்து இறங்கியபோது அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

"குளத்துல விழுந்தீங்களா?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"இது அண்ணன் காதுக்குப் போகக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. வாஷிங் மெஷின் விவகாரத்துக்குப் பிறகு கேட்கத் தேவையும் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு மச்சான் தன் பழைய வாஷிங் மெஷினைத் தங்கைக்குக் கொடுத்தார். துணி பிழியும்போது அது குளியலறையை விட்டு அதிர்ந்தபடியே கிளம்பி நடைக்கு வந்துவிடும். உறவெல்லாம் கூடிச் சாப்பிட்ட ஒரு நாளில் சார்ட்டு, "மச்சான் குடுத்த மெஷினுக்கு வீட்டுல இருப்புக் கொள்ளலை. சாயங்காலம் ஆனா வாக்கிங் போயிடுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அதன்பிறகு இரண்டு வருடம் போன் இல்லை, போக்குவரத்து இல்லை. மனைவிக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரே அண்ணன். அந்த இரண்டு வருடமும் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் ஈரக் கையோடு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். யார் என்று பார்த்துவிட்டு ஈரக் கையோடு திரும்பிப் போனாள். ஒரு சிரிப்புக்கு இவ்வளவு விலையா என்று அப்போது நினைத்தவர், இனி மச்சான் கொடுத்த எதைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

மச்சானோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தார்.

"வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"பச்சத்தண்ணி மாதிரி இருக்கு மச்சான்."

அந்தப் பக்கம் மச்சான் தொண்டையைக் கனைப்பார். பிறகு, "அப்படியா?" என்று வரும். ஒவ்வொரு வாரமும் அந்த 'அப்படியா' இன்னும் கொஞ்சம் நீளமாகிக்கொண்டே போனது.

வண்டியை ரகசியமாகக் குணப்படுத்துவது என்று கணவனும் மனைவியும் தீர்மானித்தார்கள். மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். வால்வை மாற்றினார். பட்டறையில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"வயசு என்ன சார் வண்டிக்கு?"

"பதினேழு."

"பதினேழு வயசுல கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும்" என்று கண்ணடித்தவர், அடுத்த தடவை கண்ணடிக்கவில்லை. "என்கிட்ட வந்தா தங்கமா இருக்கு. உங்ககூட வந்தாதான் கொதிக்குது. வீட்டுல ஏதும் மனஸ்தாபமா?"

இது சார்ட்டுக்குப் புதிதல்ல. வீட்டில் நூற்று நாலு அடிக்கும் காய்ச்சல் டாக்டரைப் பார்த்ததும் ஓடி ஒளிந்துகொள்வதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதற்கு ஒரே வழிதான் உண்டு. வார்டிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்துவந்து கோடு போட்டார். நேரம், முள் நிற்கும் இடம், பாதை, வானிலை, வண்டியில் எத்தனை பேர். அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து மனைவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுவாள். ஹீட்டர் அனல் முகத்தில் அடிக்க, வியர்வை அட்டையில் சொட்ட, மூன்று வாரம் எழுதினார்கள். சிக்னலில் நின்ற பைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, இந்த வெயிலில் இந்தத் தம்பதிக்கு என்ன வேண்டுதலோ என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அட்டையின் ஓரத்தில் மனைவி தானாகவே இன்னொரு பத்தி போட்டிருந்தாள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று. ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுச் சார்ட்டுக்குக் கோபம் வந்தது.

"கிளம்பும்போது அரை டேங்க். பத்து நிமிஷம் கழிச்சு முக்கால் டேங்க்னு எழுதியிருக்கே. ஓடுற வண்டியில பெட்ரோல் கூடுமா? ஒழுங்காப் பார்த்து எழுது."

"பார்த்ததைத்தான் எழுதுறேன். நான் என்ன ஊத்தியா வச்சேன்?"

"சார்ட்டுன்னா ஒரு மரியாதை இருக்கு."

"அப்ப உங்க மரியாதையை நீங்களே எழுதிக்குங்க" என்று பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பத்தியை அவர் அன்றோடு பார்ப்பதை விட்டுவிட்டார். மெக்கானிக்கிடம் காட்டக் கூச்சப்பட்டு அட்டையின் அந்த ஓரத்தை மடித்தும் விட்டார்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. மச்சானும் அண்ணியும் நாலு நாள் தங்க வருகிறார்கள். மாலை ரயில்.

"ஆட்டோ வச்சு வந்துடுறோம், சிரமப்படாதீங்க" என்று மச்சான் சொல்லியிருந்தால் கதையே இல்லை. அவர் சொன்னது: "நம்ம வண்டியிலயே வந்து கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. பார்த்து நாளாச்சு."

ஸ்டேஷனிலிருந்து வீடு முக்கால் மணி நேரம். போர்க்களத்துக்குப் போகிறவர்கள் போலத் திட்டம் போட்டார்கள். ஹீட்டர் போடக் கூடாது. முள் ஏறினால் மனைவி பின்சீட்டிலிருந்து பழம் வாங்க வேண்டும் என்பாள். வண்டியை நிறுத்தி, அது ஆறும்வரை பழத்துக்குப் பேரம் பேச வேண்டும்.

"அரை மணி நேரமா பழத்துக்கு?"

"உங்க அண்ணன் முன்னாடி நான் அஞ்சு நிமிஷத்துல வாங்கினாத்தான் சந்தேகம் வரும்."

ரயில் வந்தபோது வானம் கறுத்திருந்தது. பிளாட்பாரத்தில் கை கொடுத்தபோது மச்சானின் நாடி தொண்ணூற்றாறு. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார். மச்சான் முன்சீட்டில், பெண்கள் இருவரும் பின்னால். ஸ்டேஷன் வாசலைத் தாண்டும்போது தூறல் பிடித்தது. விளக்கைப் போட்டார். வைப்பரைப் போட்டார். நாலு பேரின் மூச்சில் கண்ணாடி பனி பூத்து, எதிரே வந்த பஸ் வெறும் மஞ்சள் கறையாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் ப்ளோயரையும் போட்டார்.

முள் எழுந்தது.

சார்ட்டு இடது கையை ஸ்டீயரிங்கின் உச்சியில் வைத்து, முழங்கையை மடக்கி, மீட்டரை மறைத்தார். மச்சானின் கழுத்து மெல்ல நீண்டது. சார்ட்டு முழங்கையை இன்னும் கொஞ்சம் தூக்கினார். கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டது.

"கையை ஏன் மாப்பிள்ளை அப்படி வச்சிருக்கீங்க?"

"சுளுக்கு மச்சான். இப்படி வச்சாத்தான் வலி தெரியலை."

"ஏங்க, பழம் வாங்கணும்" என்றது பின்சீட்டு.

"இந்த மழையில எந்தப் பழம்?" என்று மச்சான் திரும்பினார். திரும்பிய வாக்கில் முழங்கைக்குக் கீழே ஒரு சந்து கிடைத்தது. முள் சிவப்பில் நின்றது அவர் கண்ணில் பட்டது.

அவருடைய வலது கை மட்டும் மடியிலிருந்து எழுந்தது. இருட்டில் சொந்த வீட்டு ஸ்விட்சைத் தேடுகிற கை மாதிரி, பார்க்காமலேயே நேராகப் போய் ஹீட்டர் குமிழைப் பிடித்து, கடைசிவரை திருகிவிட்டது. அனல் பாய்ந்தது. அதே நொடியில் பின்சீட்டில் அண்ணி சாவி கொடுத்த பொம்மை போல அசைந்து, ஒரு கையால் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, மறு கையால் கைப்பையைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தார்.

ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"அண்ணா," என்றாள் தங்கை, "உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"ஹீட்டர்."

"கண்ணாடியில பனி பூத்துச்சு... அதுக்காக..."

"காத்து மூஞ்சியில அடிக்குது. கண்ணாடிக்கா போட்டே? அண்ணி, நீங்க விசிறி எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

அண்ணி விசிறியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன், சொல்லிட்டு வித்துடுங்கன்னு. கேட்டாத்தானே?"

மச்சானுக்கு முகம் சிவந்தது. ஆனால் பாய்ந்தது மாப்பிள்ளைமேல்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பச்சத்தண்ணி, பச்சத்தண்ணின்னு சொன்னீங்களே! என்கிட்ட ரெண்டு வருஷம் கொதிச்ச வண்டி உங்ககிட்ட எப்படிப் பச்சத்தண்ணி ஆச்சுன்னு நான் தூக்கம் இல்லாமக் கிடந்தேன்! பம்ப் மாத்தினேன், பெல்ட் மாத்தினேன். சரி, அதுல குணமாயிடுச்சு போலன்னு நம்பித்தான் குடுத்தேன். போன்ல கேட்டா மனுஷன் உண்மையைச் சொல்ல வேண்டாமா?"

"சொன்னா நீங்க பாதிச் சாப்பாட்டுல எழுந்துடுவீங்களே மச்சான்!"

"கொதிக்கிற வண்டியைத் தங்கச்சி தலையில கட்டினியா?" என்றாள் தங்கை. அவள் குரல் உடைந்திருந்தது.

அந்தக் குரல்தான் மச்சானைச் சுட்டது. ஹீட்டர் அவ்வளவு சுடவில்லை. "நிறுத்துங்க வண்டியை. நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றார். நிறுத்துவதற்குள் கதவைத் திறந்தார். மழையில் இறங்கி, பத்தடி தள்ளியிருந்த பஸ் நிறுத்தக் கூரையின் கீழ், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சார்ட்டு கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். அவள் அழவில்லை. இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் இல்லாத கைகள்தான். ஆனால் அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். இப்போது போனால் இந்த மனிதர் இரண்டு வருடத்தில் திரும்பமாட்டார், நாலு வருடம் ஆகும்.

அவர் இறங்கினார். மச்சானிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொதிக்கும் எஞ்சினையாவது ஏதாவது செய்யலாம். முப்பது நிமிடக் கணக்கெல்லாம் மறந்துபோனது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பானட்டைத் தூக்கினார்.

ஆவி இல்லை. சீறல் இல்லை. மழைத் துளிகள் எஞ்சின்மேல் விழுந்தன, உருண்டன, நின்றன. புகைக்குழாயில் விழுந்தவை மட்டும் லேசாகச் சுருங்கிப் போயின. ஓரத்து பிளாஸ்டிக் குப்பியில் பச்சைத் தண்ணீர் இரண்டு கோட்டுக்கு நடுவே, ஆணி அடித்த மாதிரி அசையாமல் இருந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

இத்தனை வாரத்தில் முள் சிவப்பில் நிற்கும்போது அவர் பானட்டைத் திறந்தது இதுதான் முதல்முறை. ஒவ்வொரு தடவையும் ஆறட்டும் என்று காத்திருந்தார், அல்லது ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். இருபத்திரண்டு வருடமாக 'ஆளைப் பாரு' என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், மூன்று வாரம் அட்டை போட்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எதிரே ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.

"ஆளுக்குக் காய்ச்சலே இல்லை!" என்று கத்தினார்.

"எந்த ஆளுக்கு?" என்றார் அண்ணி, பதறி.

"முன்னாடி வா. ஹீட்டரை நிறுத்து. முள் என்ன பண்ணுது?"

மனைவி முன்சீட்டுக்குத் தாவினாள். "இறங்குது!"

"வைப்பரை நிறுத்து. விளக்கை நிறுத்து."

"நடுவுக்கு வந்துடுச்சு!"

ஒரு நிமிடத்தில் எந்த எஞ்சினும் இப்படி ஆறாது. சார்ட்டுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது. "பெட்ரோல் முள்?"

மனைவி குனிந்து பார்த்தாள். பிறகு, வெற்றிக் குரல்: "அதுவும் கூடவே இறங்கிடுச்சு! கூடினதும் நிஜம், இறங்கினதும் நிஜம். நான் எழுதினது எல்லாமே சரி!"

"சரிதான் தாயே. ஹீட்டரை மறுபடி போடு."

இரண்டு முள்ளும் கைகோத்துக்கொண்டு ஏறின. நிறுத்தினாள், இறங்கின. சூட்டைக் குறைக்க எதைப் போட்டார்களோ, அதுதான் முள்ளைத் தூக்கிக்கொண்டிருந்தது. முள் ஏற ஏற இன்னும் முறுக்கினார்கள். முறுக்க முறுக்க அது ஏறியது.

பஸ் நிறுத்தத்து முதுகு கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒரு பஸ் வந்து நின்று, ஏறுவாரா மாட்டாரா என்று பார்த்துவிட்டு, ஹாரன் அடித்துப் போய்விட்டது. மச்சான் மழையில் நனைந்துகொண்டே வந்து ஜன்னலில் குனிந்தார்.

"எங்கே, இன்னொரு தடவை போடு பாப்பா."

போட்டாள். ஏறியது.

"நிறுத்து."

இறங்கியது.

"ரெண்டு வருஷம்," என்றார் மச்சான். "சித்திரவதை மாதிரி ரெண்டு கோடை. இவ அம்மா ஒரு தடவை இதே சீட்டுல மயக்கமே போட்டாங்க."

"எங்கம்மா மயக்கம் போட்டதுக்கு அவங்க பிரஷரைக் காரணம் சொன்னீங்க" என்றார் அண்ணி, விசிறியை மடக்கியபடி.

முதலில் சிரித்தது தங்கைதான். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. மச்சான் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் பாதை தெரியாது. எனவே விளக்கும் வைப்பரும் ஓட, முள் சிவப்பில் நிற்க, அதை யாருமே சட்டை செய்யாமல் வீடு வந்து சேர்ந்தார்கள். வழியில் பழமும் வாங்கினார்கள். மச்சான் ஐந்து நிமிடம்கூடப் பேரம் பேசவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் அட்டையின் மடித்த ஓரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இதை மொதல்லயே காட்டியிருந்தா நான் ரேடியேட்டர் பக்கமே போயிருக்க மாட்டேனே சார். என் பட்டறையில வெளக்கு, ஹீட்டர் ஒண்ணும் போடாமத்தான் பார்த்தேன்." டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கறுப்பு வயரைப் பிடித்து இழுத்தார். அது பாடியில் மாட்டியிருந்த ஸ்க்ரூ துருப்பிடித்து, பல் ஆடுவது போல ஆடியது. ஹீட்டர் காற்றைத் தள்ளும் ப்ளோயர், வைப்பர், விளக்கு, மீட்டர் எல்லாவற்றுக்கும் எர்த் அந்த ஒரு ஸ்க்ரூதான். கரண்ட் திரும்பிப் போக வேறு வழியில்லை. கூட்டம் அதிகமானால் அங்கே தள்ளுமுள்ளு, அதில் முள் பொய் சொல்கிறது. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, ஸ்க்ரூவுக்கு ஒன்றரைச் சுற்று.

"பெட்ரோல் பத்தி யாரு போட்டது?"

"என் மனைவி."

"அவங்களை ரெண்டு நாள் பட்டறைக்கு அனுப்புங்க சார்."

அந்த நாலு நாளும் மச்சான்தான் கார் ஓட்டினார். விளக்கு, வைப்பர், ப்ளோயர் எல்லாவற்றையும் பட்டப்பகலில் போட்டுக்கொண்டு, அசையாத முள்ளைப் பார்த்தபடியே ஊரைச் சுற்றினார். தங்கை பின்னால் உட்கார்ந்து அண்ணனிடம் பழைய கதைகள் பேசிக்கொண்டே வந்தாள். கிளம்பும் நாள் ஸ்டேஷனில் கை கொடுத்தபோது மச்சானின் நாடி எழுபத்திரண்டு.

நாலு மாதம் கழித்து, மச்சான் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தபோதுதான் சார்ட்டுக்கு மீதி தெரிந்தது. அண்ணி சொன்னார். அந்தப் பயணத்துக்கு மச்சான் எடுத்துவந்த பெரிய பெட்டியில் துணிமணி கொஞ்சம்தானாம். இரண்டு போர்வைகளுக்கு நடுவே, பிரிக்காத அட்டைப் பெட்டியோடு, அந்தக் காருக்கென்றே வாங்கிய புது ரேடியேட்டர் இருந்ததாம். விடியற்காலையில் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துப் போய், யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டு, எல்லோரும் எழுந்திருப்பதற்குள் திரும்பிவிடுவதாகத் திட்டம். அது அதே போர்வைகளுக்கு நடுவே ரயிலேறித் திரும்பிவந்து, இப்போது மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது.